சக்கரத்தின் அடியில் ஒரு கல்

சிலிம் ரிவர் குடியிருப்புகளில் வைகறை வேளையில் நடந்து செல்பவர் ஒரு காட்சியைக் காணாமல் போக முடியாது. வீட்டு வாசலில் ஒரு கார் நிற்கிறது. அதன் பின்சக்கரத்தின் அடியில் ஒரு கல் கிடக்கிறது. ஒரு வீட்டில் அது செங்கல். மற்றொரு வீட்டில் ஆற்றங்கரையிலிருந்து கொண்டு வந்த உருண்டைக் கல். இன்னொரு வீட்டில் பழைய ரப்பர் மரத்தின் துண்டு. வீட்டுத் தலைவர் காலையில் அதைக் காலால் தள்ளிவிட்டு வேலைக்குப் புறப்படுகிறார். மாலையில் திரும்பியதும், "தம்பி, அந்தக் கல்ல எடுத்து வை" என்று மகனை ஏவுகிறார். மகன் வைக்கிறான். நாளை அவனுக்கும் ஒரு கார் வரும். அதற்கும் ஒரு கல் வரும்.

அந்தக் காரில் கைப்பிரேக் இல்லையா? இருக்கிறது. பிடியை இழுத்தால் அது வானத்தை நோக்கி எழும்பி நிற்கிறது. ஆனால், வண்டி நிற்பதில்லை. நிறுத்தும் கருவி நிறுத்தவில்லை என்பதை அறிந்த பின்னும், அதனைச் சரிசெய்ய எண்ணாமல், கல்லொன்றை நம்பி உறங்கச் செல்கிறது ஒரு குடும்பம்.

கல் வைப்பவர் கல்லாதவர் அல்லர் என்பதுதான் இங்கே வருந்தத்தக்கது. அவர் அலுவலகப் பணியாளராக இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம். நெம்புகோல் தத்துவத்தைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கியவராகவும் இருக்கலாம். தம் இடக்கையின் அருகில் நாள்தோறும் ஏறி இறங்கும் நெம்புகோலை மட்டும் அவர் பார்த்ததே இல்லை. இத்தனைக்கும் சிலிம் ரிவருக்குத் தெற்கே, தஞ்சோங் மாலிமை அடுத்து, 2003ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தி தொடங்கிய புரோட்டோன் தொழிற்சாலை இருக்கிறது. கார் பிறக்கும் இடத்திற்கு இவ்வளவு அருகில் வாழும் மக்கள், காரை நிறுத்துவதற்குக் கல்லைத் தேடுகிறார்கள்.

கேட்டால் இரண்டு விடைகள் வருகின்றன. ஒன்று, "அது போர்மேன் செய்ய வேண்டிய வேலை, படித்தவன் செய்கிற வேலையா?" என்பது. மற்றொன்று, "அதெல்லாம் தமிழில் சொல்லிக் கொடுக்க முடியுமா?" என்பது. இவ்விரண்டு விடைகளும் பிழையானவை. முதல் விடை உயிருக்கு ஊறு. இரண்டாம் விடை மொழிக்கு ஊறு. இரண்டையும் தமிழாசிரியர்கள் எதிர்த்தாக வேண்டும்.

காவலர் இல்லாத வாயில்

காரில் இரு வகைத் தடுப்புகள் உள்ளன. காலால் மிதிக்கும் பிரேக், குழாய்களில் அடைபட்ட எண்ணெயின் அழுத்தத்தால் வேலை செய்வது. கைப்பிரேக், பெரும்பாலான வண்டிகளில், பிடியிலிருந்து பின்சக்கரங்கள்வரை ஓடும் கம்பிவடத்தால் வேலை செய்வது. எண்ணெய் கசிந்து கால்பிரேக் கைவிட்டாலும் வடம் கைவிடாது என்னும் எண்ணத்தில்தான் இரண்டும் தனித்தனி வழிகளில் அமைக்கப்பட்டன. ஆகவே கைப்பிரேக் வெறும் துணைக்கருவி அன்று. ஆளில்லாத வண்டிக்கு அதுவே காவலன்.

அதன் வலிமை எவ்வளவு இருக்க வேண்டும்? ஐக்கிய நாடுகள் அவையின் 13-எச் எனப்படும் வாகன விதி, சுமையேற்றிய பயணிகள் காரை 20 விழுக்காட்டுச் சரிவில் கைப்பிரேக் நிறுத்தி வைக்க வேண்டும் என்கிறது. நூறு அடி சென்றால் இருபது அடி உயரும் மேடு அது. 1000 கிலோகிராம் எடையுள்ள வண்டியை அம்மேடு கீழ்நோக்கி இழுக்கும் விசை, ஏறத்தாழ 196 கிலோகிராம் எடைக்கு ஈடானது. ஐந்தாம் படிவ மாணவன் இதனைக் கணக்கிட்டுவிடுவான். வீட்டு வாசலின் சரிவு 5 விழுக்காடே என்று கொண்டாலும், அந்தக் கல்லின்மேல் இரவு முழுவதும் சாய்வது 50 கிலோகிராம் எடை. மழையில் நனைந்த சிமெண்டுத் தரையில் கல் வழுக்கினால் என்ன ஆகும் என்பதைக் கணக்குப் போட வேண்டியதில்லை. வாசலில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

அரசு பார்த்துக்கொள்ளாதா என்று கேட்பார் உளர். 1994ஆம் ஆண்டில் புஸ்பாக்கோம் நிறுவப்பட்டது. லாரி, பேருந்து, வாடகைக் கார் போன்ற வணிக வாகனங்கள் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை சோதனைக்குச் செல்லும் முறை வந்தது. சொந்தக் காரோ, பெரும்பாலும் உரிமை மாறும் நாளில்தான் அந்த வாசலை மிதிக்கிறது. பிரிட்டனில் 1960ஆம் ஆண்டு முதல் குறித்த வயதைக் கடந்த தனியார் கார்களையும் சோதிக்கிறார்கள். அங்கே கைப்பிரேக் பிடிக்காத கார் சான்றிதழ் பெறாது. இங்கோ பத்தாண்டுகள் ஒரே குடும்பத்தில் ஓடிய காரின் கைப்பிரேக்கைச் சட்டத்தின் பெயரால் யாரும் இழுத்துப் பார்த்திருக்க மாட்டார். உரிமையாளர் பார்க்காவிட்டால் அதனைப் பார்ப்பவர் எவருமில்லை.

ஓட்டுநர் உரிமத் தேர்வில் மேட்டில் வண்டியை நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்துப் பின் புறப்படுவது ஒரு கட்டாயப் பகுதி. அதில் தோற்றவர் மீண்டும் பணம் கட்டி மீண்டும் எழுதுகிறார். வென்றவரோ அன்றோடு கைப்பிரேக்கை மறந்துவிடுகிறார். தேர்வுக்குப் படித்த பாடத்தைத் தேர்வோடு கழித்துக் கட்டும் பழக்கம் பள்ளியில் மட்டும் இல்லை, சாலையிலும் இருக்கிறது.

மருந்தை எங்கே இடுவது?

கல் வைப்பவரைவிட ஒருபடி மேலானவராகத் தம்மைக் கருதிக்கொள்பவர் ஒருவர் உண்டு. அவர் கல் வைக்க மாட்டார். பிடியின் அடியிலுள்ள மூடியைக் கழற்றி, அங்கிருக்கும் நட்டை ஸ்பேனரால் நாலு சுற்று இறுக்குவார். பிடி இரண்டு பற்களிலேயே இறுகி நிற்கும். "பார்த்தாயா, ஐந்து நிமிட வேலை" என்று மீசையை முறுக்குவார். பழுதை நீக்கியவர் அல்லர் இவர்; பழுதை மறைத்தவர். கல் வைத்தவருக்குத் தம் வண்டியில் குறை உண்டு என்பதாவது தெரியும். இவருக்கு அதுவும் தெரியாது.

நோய் இன்னது என்று அறிந்தபின், அந்நோய் எதனால் வந்தது என்று ஆராய்ந்தே மருத்துவம் செய்ய வேண்டும் என்று மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த நெறியைத் தமிழாசிரியர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. அதனை வாசலில் நிற்கும் வண்டிக்குப் பொருத்திப் பார்த்தாலே போதும். பிடி உயர எழுவது நோய். நோயின் முதல் எங்கே?

பின்சக்கரத்தின் உள்ளே டிரம் என்னும் வட்டச் சட்டி சக்கரத்தோடு சேர்ந்து சுழல்கிறது. அதனுள் பிறை வடிவில் இரண்டு பிரேக் ஷூக்கள் சுழலாமல் நிற்கின்றன. பிடியை இழுத்தால் வடம் இழுபடும். வடம் ஒரு சிறு நெம்புகோலை இழுக்கும். நெம்புகோல் இரண்டு ஷூக்களையும் அகற்றி டிரம்மின் உட்சுவரில் அழுத்தும். நாள்பட ஷூவின்மேல் ஒட்டிய லைனிங் தேய்கிறது. தேயத் தேய ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையிலுள்ள வெளி பெருகுகிறது. அவ்வெளியைக் கடப்பதற்கே பிடி மேலும் மேலும் எழ வேண்டியிருக்கிறது. ஆகவே, குறை பெரும்பாலும் பிடியில் இல்லை; சக்கரத்தில் இருக்கிறது.

சக்கரத்தை விட்டுவிட்டு வடத்தை மட்டும் இறுக்கினால் நேர்வது என்ன? பிடியைக் கீழே இறக்கிய பின்னும் வடம் தளர்வதில்லை. சக்கரத்தினுள் இருக்கும் நெம்புகோல் தன் இடத்திற்குத் திரும்புவதில்லை. தேய்மானத்திற்கு ஏற்பத் தானாகவே இடைவெளியைக் குறைத்துக்கொள்ளும் அமைப்பு பல வண்டிகளில் உண்டு. நெம்புகோல் திரும்பாவிட்டால் அதுவும் செயலற்றுப் போகிறது. ஷூ டிரம்மை உரசிக்கொண்டே ஓடுகிறது. எண்ணெய்ச் செலவு கூடுகிறது; சக்கரம் சுடுகிறது; லைனிங் தீய்ந்த வாடை வீசுகிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறி இறங்கும் குடும்பம், இறக்கத்தில் அந்த வாடையை முகர்ந்து, "யாருடைய வண்டியோ" என்று கண்ணாடியை ஏற்றிவிடுகிறது.

வாசலில் செய்யத்தக்க வேலை

இனி இவ்வேலை எத்தகையது என்பதைப் பார்ப்போம். தமிழில் சொல்ல முடியாது என்பார் இப்பகுதியைச் சற்று நிதானமாகப் படிப்பாராக.

முதலில் சோதனை. சமதரையில் வண்டியை நிறுத்திப் பிடியை மெல்ல இழுக்க வேண்டும். உள்ளே பற்கள் ஏறும் ‘டக், டக்’ ஒலியை எண்ண வேண்டும். எத்தனை ஒலியில் வண்டி இறுக வேண்டும் என்பதை அவ்வண்டியின் கையேடு கூறும். பல வண்டிகளில் அது ஏறத்தாழ ஐந்துக்கும் எட்டுக்கும் இடைப்பட்டது. எனினும் கையேட்டின் எண்ணே சட்டம். அதற்கு மேல் போனால் வண்டி வேலை கேட்கிறது என்று பொருள். எந்த எதிர்ப்பும் இன்றிப் பிடி எழுந்தால் வடம் அறுந்திருக்கலாம். அது இறுக்கும் வேலை அன்று, மாற்றும் வேலை.

அடுத்தது பாதுகாப்பு. உறுதியான சமதரை வேண்டும். மண்தரையும் சரிவான வாசலும் ஆகா. முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை இட வேண்டும். முன்சக்கரங்களால் இயங்கும் வண்டியைக் கியரில் விடலாம். தானியங்கிக் கியராயின் ‘பி’ என்னும் இடத்தில் விடலாம். பின்சக்கரங்களால் இயங்கும் வண்டியாயின், சக்கரம் சுழல வேண்டியிருப்பதால், நியூட்ரலில் விட வேண்டும். கட்டைகளின் உறுதியை இருமுறை பார்க்க வேண்டும். சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்வது நல்லது. பிறகு, கையேடு காட்டும் இடத்தில் ஜாக்கியை வைத்துப் பின்பகுதியை உயர்த்தி, இருபுறமும் இரும்புத் தாங்கிகளின்மேல் இறக்க வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கு, தாங்குவதற்கு அன்று. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் தலையை நீட்டுபவர், கல்லை நம்பியவரைவிடப் பெரிய தவறு செய்கிறார்.

மூன்றாவதாக, கைப்பிரேக்கை முழுதும் இறக்கிவிட்டு வடத்தின் நட்டைத் தளர்த்த வேண்டும். இறுக்க வந்தவர் முதலில் தளர்த்துவதா என்று வியக்க வேண்டாம். வடம் இழுபட்ட நிலையில் இருந்தால் சக்கரத்தினுள் உள்ள உண்மையான இடைவெளி தெரியாது.

நான்காவது, சக்கரம். பல வண்டிகளில் டிரம்மின் பின்புறத் தகட்டில் ரப்பர் மூடியிட்ட சிறு துளை இருக்கும். அதன் வழியே தட்டைத் திருப்புளியை நுழைத்து, உள்ளிருக்கும் பற்கள் கொண்ட சிறு சக்கரத்தை ஒவ்வொரு பல்லாக நகர்த்த வேண்டும். பழைய மினி போன்ற வண்டிகளில் பின்தகட்டிலேயே சதுரத் தலையுடைய திருகு இருக்கும். வேறு சில வண்டிகளில் டிரம்மைக் கழற்றியே செய்ய வேண்டும். எவ்வகையாயினும் முறை ஒன்றே. சக்கரத்தைக் கையால் சுழற்றிக்கொண்டே ஷூ டிரம்மைத் தொடும்வரை அகற்ற வேண்டும். தொட்டதும், சக்கரம் தடையின்றிச் சுழலும் அளவு பின்வாங்க வேண்டும். இரு சக்கரங்களுக்கும் இவ்வாறு செய்தபின், கால்பிரேக்கைச் சில முறை மிதித்தால் ஷூக்கள் தத்தம் நடுவிடத்தில் அமரும். மீண்டும் சுழற்றிப் பார்க்க வேண்டும்.

ஐந்தாவதாகத்தான் வடம். கையேடு கூறும் எண்ணிக்கையில் பிடியை இழுத்தால் இரு சக்கரங்களையும் கையால் அசைக்க முடியாத அளவுக்கு நட்டை இறுக்க வேண்டும். பிடியை இறக்கினால் இரண்டும் தடையின்றிச் சுழல வேண்டும். பிடித்தால் நிற்பதும், விட்டால் ஓடுவதும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே சரியான கைப்பிரேக். ஒரு சக்கரம் நின்று மற்றொன்று சுழன்றால் மேலும் இறுக்கக் கூடாது. வடத்தின் உறைக்குள் நீரும் சேறும் புகுந்து துரு பிடித்திருக்கலாம். தோட்டத்துச் செம்மண் பாதைகளில் ஓடும் வண்டிகளுக்கு இது நேரத்தான் செய்யும். அவ்வடத்தை மாற்ற வேண்டும். எல்லாம் சரியெனில் பூட்டு நட்டை இறுக்கி, சக்கர நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, வண்டியை இறக்கி, மென்சரிவான இடத்தில், கால்பிரேக்கின் அருகில் காலை வைத்தபடி சோதிக்க வேண்டும்.

இவ்வளவுதான் வேலை. கருவிகள் சில, பொறுமை நிறைய. முதல்முறை செய்பவருக்கு ஒரு காலைப் பொழுது பிடிக்கும்.

எல்லையை அறிவதும் அறிவே

எல்லாவற்றையும் வாசலிலேயே செய்துவிடலாம் என்று சொல்வது இக்கட்டுரையின் கருத்தன்று. டிரம்மின் உள்ளே எண்ணெய் கசிந்திருந்தாலும், லைனிங் தேய்ந்து தகடு தெரிந்தாலும், வடம் இழை பிரிந்திருந்தாலும் வண்டி பட்டறைக்கே போக வேண்டும். டிரம்மைக் கழற்றினால் உள்ளிருக்கும் தூளை வாயால் ஊதவோ காற்றுக் குழாயால் அடிக்கவோ கூடாது. பழைய லைனிங்குகளில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் கலந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தெடுப்பதே முறை.

புதிய வண்டிகள் பலவற்றில் பிடியே இல்லை. 2018ஆம் ஆண்டின் இறுதியில் சந்தைக்கு வந்த புரோட்டோன் எக்ஸ்70 வண்டியில் ஒரு விசையைத் தொட்டால் மின்பொறி கைப்பிரேக்கை இறுக்குகிறது. இத்தகைய வண்டிகளில் பின்சக்கரப் பிரேக்கைத் தொடுவதற்கு முன் மின்பொறியைப் பழுதுபார்க்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பலவற்றிற்கு அதற்கெனக் கணினிக் கருவி தேவை. அங்கே ஸ்பேனரோடு புகுவது அறியாமை. எது தன்னால் ஆகும், எது ஆகாது என்று பிரித்தறிவதற்கும் அக்கருவியைப் பற்றிய அறிவு வேண்டும். ஒன்றுமே தெரியாதவருக்கு எல்லை எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. பட்டறையில் அவர் கேட்டதையெல்லாம் நம்புவார். அல்லது எதையுமே நம்பமாட்டார்.

கைவேலை இழிவா?

இனி முதல் விடைக்கு வருவோம். "தோட்டத்தில் பால் வெட்டிய கைகள் போதாதா? பிள்ளையின் கையில் பேனாவைக் கொடுப்பதற்காகத்தானே பெற்றோர் பாடுபட்டார்கள்? அந்தக் கையில் மீண்டும் ஸ்பேனரைக் கொடுப்பதா?" என்று கேட்பவரை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. அக்கேள்வியில் மூன்று தலைமுறைகளின் வியர்வை இருக்கிறது. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்த தோட்டங்கள் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. அவ்வாறு தோன்றிய பள்ளிகள் பலவற்றில் கங்காணியோ கிராணியோ ஆசிரியராக இருந்தனர். அங்கிருந்து எழுந்து வந்த சமுதாயம், கைவேலையைக் கண்டு அஞ்சுவதில் வியப்பில்லை.

தமிழகத்திலும் இவ்வச்சம் எழுந்தது. 1953ஆம் ஆண்டில் இராஜாஜி கொண்டு வந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதனை எதிர்த்தனர். 1954ஆம் ஆண்டில் காமராசர் முதலமைச்சரானதும் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானது. சிலிம் ரிவருக்கு அருகிலேயே, தஞ்சோங் மாலிமில் 1922ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரியில் தோட்டவேலையும் கூடை முடைதலும் மலாய் ஆசிரியர்களுக்குப் பாடமாயின. மலாய் மக்களைக் கிராமத்திலேயே நிறுத்திவைக்கும் நோக்கம் அதில் இருந்தது என்று பின்னாளில் குறை கூறப்பட்டது.

ஆயினும் இங்கே வேறுபாட்டை உணர வேண்டும். ஒருவன் இன்ன குலத்தில் பிறந்ததால் இன்ன வேலையைத்தான் செய்ய வேண்டும் என்பது அடிமைத்தனம். தன் வண்டியில் இருப்பது இன்னது, அது இவ்வாறு இயங்குகிறது என்று அறிந்து தன் கையால் சரிசெய்வது விடுதலை. முன்னதில் கை, பிறர் மூளைக்குக் கூலி. பின்னதில் கை, தன் மூளைக்குத் தோழன். இரண்டையும் ஒன்றெனக் குழப்பி, கூலி வேலையை வெறுத்த சமுதாயம் கைத்திறனையே வெறுத்துவிட்டது.

வரலாறும் அவ்வளவு வெறுமையானதன்று. தோட்டத்து லாரியை ஓட்டியவரும், புகைக்கூடத்து ஆலையில் பொறியை ஓட்டியவரும், இரயில்வேயில் தண்டவாளத்தோடும் இயந்திரத்தோடும் வாழ்ந்தவரும் தமிழர்களாகவே பலர் இருந்தனர். ஒரு வடத்தின் இழுப்பை விரலால் தொட்டே சொல்லக்கூடிய தாத்தாக்கள் பல குடும்பங்களில் இருந்தார்கள். அவர்களுடைய அறிவை எழுதி வைக்க யாரும் முன்வரவில்லை. ஏனெனில் எழுதத் தெரிந்தவர்கள் அதனை அறிவென்று கருதவில்லை.

கோவையின் ஜி.டி. நாயுடு பள்ளிப் படிப்பில் நெடுந்தொலைவு சென்றவர் அல்லர். ஒரு மோட்டார் சைக்கிளின்மேல் கொண்ட வேட்கையால் உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதனை வாங்கிப் பிரித்துப் பார்த்துக் கற்றார். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தோடு தொழில் தொடங்கினார். பின்னர் பெரிய போக்குவரத்து நிறுவனத்தை நடத்தினார். தொழிற்கல்விக்கு வழி திறந்தார். அவருடைய பெயரை மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். பிரித்துப் பார்க்கும் துணிவை மட்டும் பள்ளிகள் அவர்களுக்குக் கொடுப்பதில்லை.

தமிழால் இயலாதா?

இரண்டாம் விடை இன்னும் மெலிந்தது. 1847ஆம் ஆண்டில் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், தமிழைக் கற்று, மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு முதலிய துறைகளில் தமிழ் நூல்களையும் வெளியிட்டார். மனித உடலின் நரம்பையும் எலும்பையும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விளக்கிய மொழி, டிரம்மையும் வடத்தையும் விளக்க முடியாது தவிக்குமா? தவிப்பது மொழியன்று, மொழியைக் கொண்டு கவிதையும் கட்டுரையும் மட்டுமே எழுதலாம் என்று எல்லை கட்டியவர்களின் மனம்.

அதற்கு நேர்மாறான பிழை ஒன்றும் உண்டு. ‘டிரம்’, ‘ஷூ’, ‘நட்டு’ என்னும் சொற்கள் வந்தவுடன் முகம் சுளித்து, அவற்றுக்கெல்லாம் தூய சொற்களை ஆக்கிய பிறகுதான் எழுதலாம் என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல கலைச்சொல் பிறந்தால் வரவேற்கலாம். ஆனால், சொல் பிறக்கும்வரை வண்டி காத்திருக்காது; சரிவில் உருளும். பட்டறையில் வழங்கும் சொல்லைக் கொண்டே தெளிவான தமிழ் வாக்கியத்தில் ஒரு வேலையை விளக்கிவிட்டால், அங்கே தமிழ் தன் கடமையைச் செய்துவிட்டது. வேலையை விளக்காத தூய சொல், அகராதியில் உறங்குமேயன்றி எவர் வாசலுக்கும் வராது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். உரிமத் தேர்வுக்குச் செல்லும் இளைஞன் வண்டியைச் சோதிக்கும் முறையை மலாயில் ஒப்புவிக்கிறான். கையேட்டை ஆங்கிலத்தில் காண்கிறான். பட்டறையில் சீனமும் மலாயும் கலந்த பேச்சைக் கேட்கிறான். அம்மொழிகளை அவன் கற்கத்தான் வேண்டும். ஆனால், வீட்டில் தன் தங்கைக்கு அதனைச் சொல்ல முற்படும்போது மட்டும் அவனுக்கு வாய் அடைத்துப் போகிறது. வாழ்வின் ஒவ்வொரு வேலையிலிருந்தும் தமிழ் இப்படி ஓசையின்றி வெளியேறினால், விழா மேடையில் மட்டும் அது வாழும் என்று எதிர்பார்ப்பது பேதைமை.

கல் இருக்க வேண்டிய இடம்

இதற்குப் பெருந்திட்டம் தேவையில்லை. தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்புகளுக்கு ‘வடிவமைப்பும் தொழில்நுட்பமும்’ என்னும் பாடநூல் தமிழிலேயே எழுதப்பட்டது. வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. கட்டுரைப் பயிற்சிக்கு ஆண்டுதோறும் மழைநாளையும் திருவிழாவையும் கொடுக்கும் ஆசிரியர், ஒருமுறை ‘எங்கள் வீட்டு வண்டியின் கைப்பிரேக்’ என்னும் தலைப்பைக் கொடுத்துப் பார்க்கலாம். மாணவர் வண்டியின் அடியில் புக வேண்டியதில்லை. தந்தையோ தாயோ உடனிருக்க, சமதரையில் நிற்கும் வண்டியில் பிடியின் ஒலியை எண்ணட்டும். கையேட்டின் எண்ணோடு ஒப்பிடட்டும். கண்டதைப் பத்து வாக்கியங்களில் எழுதட்டும். ‘முதலில்’, ‘அதன்பின்’, ‘ஆகவே’, ‘இல்லையெனில்’ என்னும் சொற்களின் உண்மையான பயனை இலக்கணப் பயிற்சி ஏட்டைவிட அந்தப் பத்து வாக்கியங்கள் நன்றாகக் கற்பிக்கும். வரிசை பிறழ்ந்தால் வாக்கியம் மட்டுமன்றி வேலையும் கெடும் என்பதை மாணவர் அங்கேதான் உணர்வர். மகனை மட்டும் அழைக்காமல் மகளையும் அழைக்க வேண்டும். வண்டியை ஓட்டப் போகிறவள் அவளும்தானே.

ஆசிரியரும் பள்ளி வளாகத்தில் நிற்கும் தம் வண்டியின் ஒலியை ஒருமுறை எண்ணட்டும். பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் நிற்கும் வண்டிக்கு அவரே பொறுப்பு. எண்ணிக்கை மிகுந்தால் தாமே சரிசெய்யட்டும், இயலாவிடில் பட்டறைக்குக் கொண்டு சென்று, "பிடியில் மட்டும் இறுக்காதீர்கள், முதலில் சக்கரத்தைப் பாருங்கள்" என்று சொல்லட்டும். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் தெரிந்தவரை எவரும் எளிதில் ஏமாற்ற முடியாது.

வாசலில் கிடக்கும் கல்லை வீச வேண்டியதில்லை. வண்டியை உயர்த்தி வேலை செய்யும் நாளில் முன்சக்கரத்திற்கு முட்டாக வைக்க உறுதியான கட்டையோ கல்லோ வேண்டும். அது அதற்குரிய இடம். பழுதான கைப்பிரேக்கிற்குப் பதிலாக இரவெல்லாம் நிற்பது அதற்குரிய இடம் அன்று. சிலிம் ரிவரின் தந்தை ஒருவர் இன்று மாலை வீடு திரும்பி, "தம்பி, அந்தக் கல்ல எடுத்து வை" என்று சொல்லப் போகிறார். "ஏம்பா, கைப்பிரேக் பிடிக்கலையா? எத்தனை பல்லு ஏறுது?" என்று மகன் திருப்பிக் கேட்பானாயின், அவன் பயின்ற தமிழ்ப்பள்ளி தன் வேலையைச் செய்திருக்கிறது.